ஆழமாக நட்ட பலகைகள்

இசோசாகி நகராட்சியில் தேர்தல் வேலை பார்க்கும் நெமோத்தோ கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு அவர் சொன்னதையும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மேசையில் ஊர் வரைபடத்தை விரித்து, அதிலிருந்த நூற்று நாற்பத்தெட்டு சிவப்புப் புள்ளிகளைப் பேனா முனையால் தட்டிக்காட்டி, "இந்தத் தடவையும் அதே இடங்கதான், தோமாரி சான்," என்று மரியாதையாகவே சொன்னார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"குழிய மட்டும் கொஞ்சம் மேலோட்டமா தோண்டுங்க. எப்படியும் மறுநாளே புடுங்கத்தானே போறோம். உங்களுக்கும் இடுப்பு வலி மிச்சம்."

தோமாரி சுமியேவுக்கு அப்போது அறுபத்தொரு வயது. கணவர் கென்கிச்சி தச்சர். ஊரில் எந்தத் தேர்தல் வந்தாலும் வேட்பாளர்கள் படம் ஒட்டுவதற்கான பலகைகளை நடும் ஒப்பந்தம் இவர்களுடையது. கட்டம் போட்டு எண் எழுதிய பலகை. அதைத் தவிர ஒரு சுவரிலும் ஒரு கம்பத்திலும் படம் ஒட்டக்கூடாது. கென்கிச்சி அறுப்பார், ஆணி அடிப்பார். குட்டி லாரியை ஓட்டுவதும் குழி தோண்டுவதும் சுமியே. முப்பது வருடமாகத் தோண்டுகிறவளிடம் மேலோட்டமாகத் தோண்டச் சொன்னது முதல் தப்பு. அதற்குச் சொன்ன காரணம் அதைவிடப் பெரிய தப்பு.

நெமோத்தோ சொன்னதில் பொய்யும் இல்லை. மனுத் தாக்கல் ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை ஐந்து மணிவரை ஒரே ஒருவர்தான் வந்தார் என்றால் வாக்கெடுப்பு கிடையாது, வந்தவரே மேயர். திங்கட்கிழமை காலை பலகைகளைப் பிடுங்க வேண்டியதுதான். இசோசாகியில் ஐந்து தடவையாக அப்படித்தான் நடந்தது. ஒரு வாரம் பாடுபட்டு நட்டதை ஒரே நாள் வெயில் காட்டிவிட்டுப் பிடுங்கி அடுக்குவாள் சுமியே. கூலி வந்தது, வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கி வரும்போது, மாடிப்படித் திருப்பத்தில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கிய பட்டியலைப் பார்த்தாள். போர் முடிந்து நடந்த முதல் தேர்தலிலிருந்து இன்றுவரை யார் மேயர், எத்தனை வாக்கு, எதிர்த்து நின்றவர் யார், அவருக்கு எத்தனை என்று வரிசையாக எழுதியிருக்கும். ஆயிரம் தடவை அதைக் கடந்து போயிருக்கிறாள். அன்றுதான் நின்று படித்தாள். மேலே இருந்த வரிசைகளில் எண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மூன்று பேர் போட்டி, ஐந்து பேர் போட்டி. இருபத்து நான்கு வருடத்துக்கு முன் நடந்ததில் வித்தியாசம் வெறும் இருநூற்றுப் பதினொன்று. அதற்குக் கீழே ஐந்து வரிசைகளில் வாக்கு என்ற இடத்தில் ஒரு கோடு. கோடு, கோடு, கோடு, கோடு, கோடு.

அந்த இருநூற்றுப் பதினொன்றைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். அந்தத் தேர்தலில் நிச்சயமான கல்யாணங்கள் நின்றன. ஒரே தெருவில் இரண்டு மீன் கடைக்காரர்கள் பத்து வருடம் முகம் பார்க்கவில்லை. கென்கிச்சியின் அப்பா தோற்றவர் பக்கம் நின்றதால் நாலு வருடம் துறைமுகத்திலிருந்து ஒரு ஆணி வேலைகூட வரவில்லை. பிறகுதான் பெரியவர்கள் உணவுவிடுதிப் பின்னறையில் உட்கார்ந்து, இனிமேல் நமக்குள் பேசி முடித்து ஒருவரை மட்டும் நிறுத்துவோம் என்று முடிவு செய்தார்கள். அதற்கு ஊர் ஒற்றுமை என்று பேர் வைத்தார்கள். பயம் என்று வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மிசோ சூப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, நான் மேயர் தேர்தல்ல நிக்கப்போறேன்."

கென்கிச்சி ஊறுகாய் முள்ளங்கியைக் கடித்துக்கொண்டிருந்தார். கடித்து முடித்தார்.

"எங்க நிக்கப்போற?"

"நகராட்சில."

"நீ ஜெயிச்சுருவியா?"

"ஜெயிக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன எழவுக்கு?"

"ரெண்டாவது ஆள் வந்தாத்தான வாக்கெடுப்பு. அந்தப் பட்டியல்ல ஆறாவது கோடு விழ விட மாட்டேன்."

கென்கிச்சி சாப்பாட்டுக் குச்சிகளை வைத்துவிட்டு எழுந்து போய்த் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவருடைய மறுப்பு எப்போதும் அப்படித்தான் இருக்கும். சுமியே பாத்திரம் கழுவினாள்.

வேட்பாளர்களுக்கான விளக்கக் கூட்டத்துக்குப் போனபோது நெமோத்தோ எழுந்து வந்து, "தோமாரி சான், பலகை அளவு மாறல. இதுக்காக வந்திருக்க வேண்டாமே," என்றார். மேயர் இகுதாவின் ஆதரவாளர் சங்கத் தலைவர் தொகிதா, அவர்தான் மீனவர் கூட்டுறவுக்கும் தலைவர், முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சுமியே இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, "வேட்பு மனுத் தாள் ஒரு கட்டு குடுங்க," என்றாள். தொகிதாவின் கால் கீழே இறங்கியது. நெமோத்தோ தாள்களைக் கொடுத்தார். ஆனால் அவள் யாருக்கோ வாங்கிப் போவதாகத்தான் கடைசிவரை நினைத்தார்.

பிறகு பலகை நடும் வேலை. அந்த வாரம் முழுக்க சுமியே வழக்கத்தைவிட ஒரு முழம் கூடுதலாகத் தோண்டினாள். கல் வந்த இடத்தில் கடப்பாரை போட்டாள். மண்ணைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, காலால் மிதித்து, மறுபடி கொட்டி மிதித்தாள். கென்கிச்சி லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வீடா கட்டப்போறோம்?"

"ஒரு வாரம் நிக்கணும்ல. காத்து அடிக்கிற மாசம்."

"ஒரு நாளு."

"ஒரு வாரம்," என்றாள் சுமியே.

நவம்பர் ஞாயிறு காலை எட்டரை மணிக்கு மனுத் தாக்கல் மேசையில் இகுதாவின் ஆட்கள் பதினொரு பேர், எதிர்ப்பக்கம் சுமியே ஒருத்தி. பத்து லட்சம் யென் வைப்புத் தொகை கட்டிய சீட்டை அவள் நீட்டியபோதுதான் நெமோத்தோவுக்கு விஷயம் உறைத்தது. குளியலறையை இடித்துக் கட்ட வைத்திருந்த பணம் அது. பலகையில் எந்த எண் கட்டம் யாருக்கு என்று குலுக்கிப் போட்டார்கள். இகுதாவுக்கு ஒன்று, சுமியேவுக்கு இரண்டு. கையில் கட்டும் பட்டை, ஒலிபெருக்கி அனுமதி அட்டை, சின்னக் கொடி எல்லாவற்றையும் நெமோத்தோ இரண்டு தடவை எண்ணி அடுக்கிக் கொடுத்தார்.

"மாலை அஞ்சு மணிக்குள்ள மனுவத் திரும்ப வாங்கிக்கலாம்," என்றார் மெதுவாக. "அஞ்சு தாண்டிட்டா முடியாது. சட்டப்படி நான் சொல்லியாகணும்."

"அஞ்சு தாண்டிட்டா யாராலயும் முடியாதா?"

"யாராலயும்."

"நல்ல சட்டம்," என்றாள் சுமியே.

ஊருக்கே அந்தச் சட்டம் தெரியும் என்பது பத்து மணிக்குள் புரிந்துபோனது. பலகைகளில் படம் ஒட்டக் கிளம்பலாம் என்று பட்டறைக்கு வந்தவளை ஊர் வழிமறித்தது. முதலில் வந்தவள் முடி வெட்டும் ஹிசாயோ, பள்ளித் தோழி.

"சுமி, உனக்குப் பைத்தியமா? காலைலேருந்து என் கடைல ஒரு தலைகூட உக்காரல. எல்லாம் வெளில நின்னு உன்னப் பத்தித்தான் பேசுது."

"நல்லதுதான. இருபத்து நாலு வருஷமா வானிலை மட்டும்தான பேசினாங்க."

"சிரிக்காத. பழைய சண்டை மறுபடி வரும்."

"வரட்டும்டி. சண்டை போடத் தெரியாதவங்களா நாம? போன மாசம் குப்பை வைக்கிற நாளுக்கு நீ போட்ட சண்டைய நான் பாக்கலையா?"

ஹிசாயோ போகும்போது, "உன் படம் சகிக்கல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்தாள் சுமியே. கல்லுக்கு எதிரே நின்று கல்லை முறைப்பது மாதிரி இருந்தாள் அதில்.

மதியம் தொகிதா வந்தார், கையில் ஒரு பெட்டி இனிப்போடு. சுமியே பெட்டியைத் தொடவில்லை.

"அத எடுத்துட்டுப் போங்க. தேர்தல் நேரத்துல வேட்பாளர் வீட்டுக்கு இனிப்புக் கொண்டுவந்தா என்ன குத்தம்னு காலைல குடுத்த புத்தகத்துல போட்டிருக்கு. பதினெட்டாம் பக்கம்."

தொகிதா பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பேசியதெல்லாம் கென்கிச்சியிடம்தான், சுமியே அங்கே நிற்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"கென்கிச்சி, உங்கப்பா பட்டது ஞாபகம் இருக்குல்ல? கூட்டுறவுக்கு அலமாரி செய்யற வேலைய உனக்குத்தான் குடுக்கறதா இருந்தோம். இப்ப மத்தவங்க என்ன சொல்வாங்களோ, தெரியல. பொண்டாட்டிய அடக்கி வைக்கத் தெரியாதவன்னு பேர் வாங்காத. அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

தொகிதா போனதும் கென்கிச்சி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. ஊரையெல்லாம் எதிர்த்துக்கொள்ளலாம்; ராத்திரி ஒரே அறையில் படுக்கிற மனுஷனை எதிர்த்துக்கொண்டு எத்தனை நாள் நிற்பது? லாரி இல்லாமல் நூற்று நாற்பத்தெட்டு இடத்துக்கு எப்படிப் போவது? சோற்று உருண்டையை உறையிலிருந்து எடுத்தாள், தின்னாமல் திரும்ப உள்ளே வைத்தாள். நாலு மணிக்கு ஒருதரம், நகராட்சிக்கு நடந்தே போனால் இருபது நிமிடம் என்றுகூடக் கணக்குப் போட்டாள். அப்படிப் போட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

நாலரைக்கு மேயரே வந்தார். மார்பில் குறுக்காகப் போட்டிருந்த பேர் எழுதிய துணிப்பட்டையைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத்தான் வாசற்படி ஏறினார். இகுதா மரியாதை தெரிந்தவர். பன்னிரண்டு வருடமாகப் பள்ளிக்கூடப் படிக்கட்டில் ஒரு கைப்பிடிகூடப் போடாமல் காலம் தள்ளினாலும், யாரைப் பார்த்தாலும் முதலில் குனிந்து வணங்குவார்.

"தோமாரி சான், என்மேல என்ன கோபம்?"

"உங்கமேல ஒண்ணும் இல்ல, மேயரே. யாரையும் கேக்காம உங்கள உக்கார வச்சாங்களே, அதுமேலதான்."

"ஊரு அமைதியா இருக்கறது நல்லதில்லையா?"

"ஒருத்தரும் வாயத் திறக்காம இருக்கறது அமைதியா? மூணு தடவை மேயராயிட்டீங்க. உங்கள எத்தன பேருக்குப் புடிக்கும்னு உங்களுக்கே தெரியாது. ஒரு தடவையாவது தெரிஞ்சுக்க ஆசையா இல்லையா?"

இகுதா தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பயமா இருக்கு," என்றார்.

"எனக்கும்தான்," என்றாள் சுமியே.

அவர் எழுந்து நிற்கும்போதுதான் ஊர் ஒலிபெருக்கிகள் கரகரத்தன. தினம் மாலை ஐந்துக்குப் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லி ஒலிக்கும் பாட்டு மலையிலும் துறைமுகத்திலும் ஒன்றுக்கொன்று முந்தியும் பிந்தியும் கேட்டது. பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. முடிந்ததும் இகுதா குனிந்து வணங்கினார், சுமியேவும் வணங்கினாள். இசோசாகியில் இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு தேர்தல் வந்துவிட்டது.

மேயரின் கார் தெருமுனை திரும்பவும் குட்டி லாரி உள்ளே வந்தது. கென்கிச்சி இறங்கினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. லாரியின் பின்னால் இருந்த படங்களின் கட்டு வெகுவாகக் குறைந்திருந்தது.

"கடல்முனைப் பக்கம் முப்பத்தொண்ணு, கோயில் மேட்டுல இருபத்தெட்டு முடிஞ்சுது," என்றார். "மத்தத நாளைக்கு. ஒரு பலகைய ஆட்டிப் பாத்தேன், அசையல."

"நீங்க நகராட்சிக்குப் போய்ட்டீங்கன்னு நினைச்சேன்."

"மனுவ நான் போய் எப்படி வாங்க முடியும்? நீதான வேட்பாளர்." தொப்பியை உதறினார். "அடக்கி வைன்னு என்கிட்ட சொல்றான். எங்கப்பனுக்கு நாலு வருஷம் வேலை குடுக்காதவன் எனக்கு வந்து சொல்றான். அவன் அலமாரிய அவனே அறுத்துக்கட்டும்."

சுமியே உறையில் வைத்திருந்த சோற்று உருண்டையை எடுத்து அவரிடம் ஒன்று கொடுத்துத் தானும் ஒன்று தின்றாள். புளிப்புப் பழம் வைத்தது. அவ்வளவு ருசியாக அவள் அந்த வருடம் எதையும் தின்றதில்லை.

அந்த வாரம் ஏழு நாளில் ஐந்து நாள் மழை. இகுதாவுக்கு ஒலிபெருக்கி கட்டிய கார், வெள்ளைக் கையுறை போட்டுக் கையாட்டும் பெண்கள், ஐம்பது தொண்டர்கள். சுமியேவுக்கு மழைக்கோட்டு ஒன்று, இரவல் ஒலிபெருக்கி ஒன்று. மீன் சந்தை வாசல், ரயில் நிலையம், நெற்களம் என்று ஒவ்வொரு பலகைக்குப் பக்கத்திலும் நின்று ஒரே பேச்சைப் பேசினாள்.

"நான் தோமாரி சுமியே. பலகை நடறவ. மறுநாளே புடுங்கப்போறோம், மேலோட்டமா தோண்டுனு சொன்னாங்க. நான் ஆழமா தோண்டியிருக்கேன். இந்தப் பலகை ஞாயித்துக்கிழமை வரைக்கும் நிக்கும். எனக்கே போடணும்னு இல்ல. வந்து யார் பேரயாச்சும் எழுதிட்டுப் போங்க."

முதல் இரண்டு நாள் யாரும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் குடைகள் நின்றன. குடைக்குள்ளிருந்து கைதட்டல் கேட்காது. ஆனால் தலை அசைவது தெரிந்தது. ஆறாம் நாள் ஹிசாயோ தன் கடைக் கதவில் 'இன்று விடுமுறை' என்று எழுதித் தொங்கவிட்டுவிட்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்து அவளுக்குக் குடை பிடித்தாள்.

"நான் உனக்குப் போடப்போறதில்ல," என்றாள்.

"சரி. குடைய நேரா புடி," என்றாள் சுமியே.

எங்கள் ஊரில் எண்ணுவது திங்கட்கிழமை காலை. ஊரைச் சேர்ந்த சின்னத் தீவிலிருக்கும் நூற்றுச் சொச்சம் பேரின் பெட்டி முதல் படகில் வந்தாக வேண்டும். நடுநிலைப்பள்ளி விளையாட்டு அரங்கில் பச்சைத் துணி விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு எண்ணுவார்கள். வேட்பாளர் தரப்புச் சாட்சிகள் ஒரு மேசையில் உட்கார்ந்து, கட்டுக்கட்டாக வரும் சீட்டுகளைப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். சுமியேவின் சாட்சி கென்கிச்சி. அவள் மேலே மாடத்தில் பார்வையாளர்களோடு நின்றாள்.

எங்கள் வாக்குச் சீட்டில் அச்சடித்த பேர் எதுவும் இருக்காது. வெறும் கட்டம், அதில் வேட்பாளர் பேரைப் பென்சிலால் நாமே எழுத வேண்டும். பேரைத் தவிர ஒரு புள்ளி வைத்தாலும் சீட்டு செல்லாது. வாக்குச் சாவடியில் எழுதும் மேசைக்கு நேர் எதிரே அது ஒட்டியிருக்கும், எல்லோருக்கும் தெரியும்.

பத்தரை மணிக்கு எண்ணிக்கை அநேகமாக முடிந்துவிட்டது. இகுதா வெகுதூரம் முன்னால் இருந்தார். தொகிதாவின் ஆட்கள் வெளியே கையைத் தூக்கி வெற்றி முழக்கம் போட வரிசையாக நின்றுவிட்டார்கள். செல்லாதவை என்று கட்டிய சீட்டுகள் கென்கிச்சியின் மேசைக்கு வந்தன. வழக்கமாக அது ஒரு விரற்கடை தடிமன் இருக்கும். அன்று ஒரு பெட்டி நிறைய வந்தது.

கென்கிச்சி முதல் சீட்டை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவது.

"அண்ணே, முத்திரைய குத்திருங்க. முக்காவாசி ஒரே வகைதான்," என்றார் நெமோத்தோ.

"என்ன வகை?"

"பேரோட வேற ஏதோ எழுதினது."

"படிக்காம எப்படிய்யா குத்துவேன்? சாட்சின்னு உக்கார வச்சிருக்கீங்க."

"அறுநூறுக்கு மேல இருக்குண்ணே."

"இருக்கட்டும். இருபத்து நாலு வருஷம் காத்திருந்தீங்கள்ல, இன்னும் ரெண்டு மணி நேரம் காத்திருங்க."

அவர் படித்தார். சாட்சிக்கு அந்த உரிமை உண்டு, யாராலும் தடுக்க முடியாது. ஒவ்வொரு சீட்டையும் கையில் எடுத்து, உதடு அசையப் படித்து, கவிழ்த்து வைத்தார். வெளியே தூக்கிய கைகள் இறங்கின. தொகிதா உள்ளே வந்து முறைத்துவிட்டுப் போனார். மாடத்திலிருந்த சுமியேவுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி அவர் கண்ணைத் துடைத்தது மட்டும் தெரிந்தது. ஒரு மணிக்குக் கடைசிச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

இகுதா 9,842. தோமாரி 3,907. செல்லாதவை 871. அதில் பேரோடு வேறு ஏதேனும் எழுதியவை 631. நகராட்சியின் தேர்தல் பதிவில் அந்தக் கடைசி வகையில் இதற்கு முன் நாலுக்கு மேல் வந்ததே இல்லை.

பலகைகளைப் பிடுங்க வழக்கமாக ஒன்றரை நாள் போதும். இந்தத் தடவை நாலு நாள் ஆனது. கடைசி நாள் கோயில் மேட்டில் ஒரு கம்பத்தைச் சுற்றி சுமியே தோண்டிக்கொண்டிருந்தாள், கென்கிச்சி மேலே பிடித்து ஆட்டினார். அலமாரி வேலை வேறு ஊர்த் தச்சருக்குப் போய்விட்ட செய்தி அன்று காலைதான் வந்திருந்தது.

"அந்தச் சீட்டுல என்னதான் எழுதியிருந்துச்சு? இன்னும் சொல்லவே இல்லையே நீங்க," என்றாள்.

"அறுநூத்துப் பன்னெண்டுல உன் பேரு. மத்தது அவருது." கம்பத்தை வலப்பக்கம் சாய்த்தார். "'தோமாரி சுமியே, விட்டுராதீங்க.' அதுதான் நிறைய. 'தோமாரி சுமியே, மழைல நனையாதீங்க.' இடப்பக்கம் தோண்டு, கல்லு இருக்கு. 'தோமாரி சுமியே, பலகை நின்னுச்சு.' ஒருத்தர், 'வயசான காலத்துல உனக்கு எதுக்கு இது'ன்னு எழுதியிருந்தாரு. அதுலயும் உன் பேரு முதல்ல இருந்துச்சு."

சுமியே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"'தோமாரி சுமியே, குடைய நான் நேராத்தான் புடிச்சேன்.'"

"அவளா!" என்றாள் சுமியே. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் மூக்கு ஒழுகியது. கையுறையால் துடைத்து மூக்கெல்லாம் மண்ணானது. "கிறுக்குச் சிறுக்கி, எனக்குப் போடமாட்டேன்னாளே. போட்டும் செல்லாமப் போச்சே!"

"எல்லாம் சேர்த்தாலும் தோத்திருப்ப."

"தெரியும்."

நெமோத்தோ மேட்டில் ஏறி வந்தார், கையில் மூன்று சூடான தேநீர்க் குப்பிகள். ஆழத்தை எட்டிப் பார்த்து மலைத்துப்போனார்.

"இவ்ளோவா தோண்டினீங்க? நான் மேலோட்டமா போதும்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பிறகு, "பட்டியல மாத்தி எழுதிட்டோம். காலைல கண்ணாடிக்குள்ள மாட்டியாச்சு," என்றார்.

"ரெண்டு எண்ணும் போட்டீங்களா?"

"ரெண்டும்."

"அறுநூத்துச் சொச்சம்?"

"அதுக்கு அங்க இடமில்ல, தோமாரி சான்."

சுமியே தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தாள். கம்பத்தில் கயிறு கட்டி இரண்டு பேரும் ஒன்றாக இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் அது மண்ணோடு வெளியே வந்தது.

"அந்த வரைபடத்த பத்திரமா வச்சிருங்க," என்றாள் நெமோத்தோவிடம். "நாலு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கப்போறேன். 'விட்டுராதீங்க', 'நனையாதீங்க' எல்லாத்தையும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. சீட்டுல பேர மட்டும் எழுதுங்க."